காட்டுக் கள்ளனின் தாடி

குதிரைக் குளம்பு கல்லில் விழுகிற ஓசை, சிரட்டை இரண்டை ஒன்றோடொன்று தட்டுகிற மாதிரி. உள்ளே ஒன்றுமில்லாத, ஆனாலும் எங்கேயோ போகிற அவசரமுள்ள ஓசை. அண்மையில் ஒரு மத்தியானம் ஒஸ்லோவின் நடுவில் டிராமுக்குக் காத்து நின்றேன். காவல்துறைக் குதிரைகள் இரண்டு தண்டவாளத்தைக் கடந்து போயின. மேலே இருந்த பெண்கள் இருவரும் கோழிக்கறிக்கு உப்புப் போதுமா என்று பேசுகிறவர்கள் போலச் சாவகாசமாக இருந்தார்கள். டக், டக், டக். டிராம் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போயிற்று. நான் தாடையைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

மனைவி வேறு நகரத்துக்கு வேலைக்குப் போன அந்தக் குளிர்காலத்தில் எங்கள் குதிரைகள் எல்லாம் இரண்டு தடவை ஓடின. முதலில் ஒஸ்லோவின் ஓரத்து வெஸ்ட்லியில், என் வரவேற்பறைத் தொலைக்காட்சியில். ஒரு மூச்சுப் பிந்தி, மலைகளுக்கு அப்பால் மழை ஓயாத பேர்கனில், என் மனைவியின் கணினியில். அந்த இரண்டாவது ஓட்டம் தொலைபேசிக்குள்ளால் திரும்பி என்னிடமே வந்து சேரும். ஒருவன் சுட்டால் இரண்டு வெடி. ஒருத்தி அழுதால் இரண்டு அழுகை. ஒரே தொடரை இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவதற்கு, அழுத்துங்கோ என்று அவள் சொல்ல நான் அழுத்துவேன். எத்தனை கவனமாக அழுத்தினாலும் ஒரு மூச்சு வித்தியாசம் இருந்துகொண்டே இருந்தது.

மனைவி தாதி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கிற பிரிவில் வேலை. நோர்வேயில் வேலைக்கு வீதம் உண்டு, முழுநேரம் என்றால் நூறு. ஒஸ்லோவில் இத்தனை காலமும் அவள் அறுபது வீதத் தாதி. மிச்ச நாற்பது வீதத்துக்குத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். யாராவது தடிமன், காய்ச்சல் பிடித்துப் படுத்தால் கூப்பிடுவார்கள். அவளுடைய வாழ்க்கையின் நாற்பது வீதம் மற்றவர்களுடைய தடிமனில் தங்கியிருந்தது. அப்படியிருக்கப் பேர்கனில் ஓர் ஆஸ்பத்திரி, பிள்ளைப்பேற்று விடுமுறையில் போன ஒருத்தியின் இடத்துக்கு, கோடை வரைக்கும் நூறு வீத வேலை தந்தது. மகளும் படிக்க ட்ரொண்ட்ஹைமுக்குப் போய்விட்டாள். போயிட்டு வாருமன் என்று நான்தான் சொன்னேன். கோடைதானே, அந்தா தெரிகிறது என்று.

மாசி மாதத்தில் அந்த ஆஸ்பத்திரி இன்னொன்று சொன்னது. விடுமுறையில் போனவள் திரும்பி வரவில்லையாம். இடத்தை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், உயிர்த்த ஞாயிறு விடுமுறை முடிந்ததும் பதில் தாருங்கள். அன்று பின்னேரமே அவள் என்னைக் கேட்டாள், நீங்களும் அங்கே வருவீர்களா என்று. நான் வெஸ்ட்லியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அடுக்குமாடிகளின் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கிற காட்டைப் பற்றி, மாசி மாதத்து நீலம் பனியில் ஊறுவதைப் பற்றி, மெட்ரோ இங்கே வந்து பெருமூச்சு விட்டு நிற்பதைப் பற்றி. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“எனக்கு வசன கவிதை வேண்டாமப்பா. ஓமோ, இல்லையோ?”

யோசிக்க வேணும் என்றேன்.

யோசிக்க என்ன இருந்தது? என்னுடைய ஓட்டத்தை யோசிக்க இருந்தது. நான் இருந்த இடத்தில் இராதவன். வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலை. பிறகு ஒஸ்லோவில் அறை மாறி அறை, ஜன்னல் மாறி ஜன்னல். ஒவ்வோர் இடத்திலும் முதல் மாதம் ஊமை, இரண்டாம் மாதம் கோமாளி, மூன்றாம் மாதம்தான் மனிதன். ஐந்தாம் இலக்க மெட்ரோவில் வெஸ்ட்லிக்கு வந்தபோது அதற்கு மேல் தண்டவாளம் இல்லை என்றார்கள். சரி, நானும் இறங்குகிறேன் என்று இறங்கினேன். அதற்குப் பிறகு என் கால்கள் நின்றன. வசனங்கள் மட்டும் ஓடின. இதையெல்லாம் அவளுக்கு ஒரே மூச்சில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் ஓம் சொல்லாவிட்டால் அவள் வேலையை வேண்டாம் என்று சொல்லி அறுபது வீதத்துக்குத் திரும்ப வேண்டும், அல்லது நாங்கள் இரண்டு நகரங்களில் இரண்டு சோற்றுச் சட்டிகள் வைத்துக் கிழட வேண்டும். அது மட்டும் இருவருக்கும் நன்றாகத் தெரிந்தது.

கேள்வி அப்படியே தொங்க, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கள்ளனைப் பார்த்தோம்.

குடியேற்றக் காலத்து ஆஸ்திரேலியா. இங்கிலாந்து தன்னுடைய கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கொட்டிய தேசம். அங்கே காட்டுக்குள் ஒளிந்திருந்து, தங்கம் கொண்டுபோகும் வண்டிகளை மறித்துப் பறித்தவர்களைப் புஷ்ரேஞ்சர் என்பார்களாம். நாங்கள் காட்டுக் கள்ளன் என்றோம். எங்களுடையவன் கைதி ஒருவனின் மகன். அடர்ந்த செம்பட்டைத் தாடி. மலையடிவாரத்துப் பண்ணையில் ஒரு விதவை இருந்தாள். பெரிய மரமொன்றின் பொந்துக்குள் அவனுக்கு ரொட்டியும் இறைச்சியும் வைப்பாள். ஜன்னலில் விளக்கு எரிந்தால் பொலிஸ் இல்லை, வரலாம் என்று அர்த்தம். எட்டுப் பாகத் தொடர். தேசியத் தொலைக்காட்சி எல்லாப் பாகத்தையும் ஒரே நாளில் இணையத்தில் திறந்துவிட்டிருந்தது. ஆனாலும் அவளுக்கு வேலையில்லாத ஞாயிறு பின்னேரம் ஒன்று மட்டும், அதுவும் சேர்ந்துதான் என்று இருவரும் சத்தியம் பண்ணியிருந்தோம்.

அவன் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதி விளங்காது. கீழே ஓடுகிற நோர்வேஜிய எழுத்தை வாசிப்பேன். மனைவி எழுத்தைப் பார்க்கமாட்டாள், முகத்தைப் பார்ப்பாள். நான் யூக்கலிப்டஸ் இலைகளில் வெயில் உடைவதைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பேன். அவள் அதற்குள் அவனுடைய வெள்ளைச் சட்டையைக் கவனித்திருப்பாள். காட்டுக்குள்ளே கிடக்கிறவன், யார் இதைத் தோய்த்துக் கொடுக்கிறது என்பாள். சுட்டுக் காயப்பட்ட கையை அவன் சாராயம் ஊற்றிக் கழுவியபோது, அது சுத்தம் பண்ணுகிற முறையில்லை என்று காட்சி முடியும்வரை திட்டினாள்.

மெல்பேர்னில் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறார். அங்கேயே இருக்கிறவருக்குத் தெரியாததா என்று கூப்பிட்டுக் கேட்டோம். புஷ்ரேஞ்சரா, அதுகளுக்கு எங்கே நேரம், வேலையால் வந்தால் சென்னைத் தொடர் பார்க்கவே பொழுது சரி என்றார். பிறகு அவர் எங்களைக் கேட்டார், அங்கே வைக்கிங்குகள் பற்றி ஒரு தொடர் நல்லதாமே, பார்த்தீர்களா என்று. நாங்கள் பார்க்கவில்லை. அவரவர் நாட்டுக் கள்ளரை அடுத்த நாட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

தாடி முதலாம் பாகத்திலேயே தொடங்கியது. கள்ளன் ஆற்றில் முகம் கழுவி எழும்புகிறான், தாடியில் நீர் சொட்டுகிறது. ஆண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றேன் நான், சும்மா.

“உங்களுக்கு உப்பிடித் தாடி சீவியத்திலை வளராது,” என்றாள் பேர்கனிலிருந்து.

“ஏன் வளராது?”

“உங்கடை தாடி பேர்கன் ரயிலிலை வரேக்கை நடுவிலை ஒரு மேட்டுநிலம் வருமே, அது மாதிரி. அங்கை ஒரு மரம், இஞ்சை ஒரு மரம்.”

மறுநாள் காலை சவர அலகை எடுத்தேன், திரும்ப வைத்தேன். அவ்வளவுதான் கதை. இதில் வேறு ஒரு மர்மமும் இல்லை. ஐம்பது தாண்டிய ஒருவன் மனைவி சொன்ன பகிடிக்குத் தாடி வளர்க்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் தாடியை வாசிக்கிற ஊர் இது. எங்கள் ஆட்கள் எழுத்தை விட்டாலும் தாடியை விடமாட்டார்கள்.

நான் பாலர் பாடசாலையில் உதவியாளன். அங்கேதான் முதல் விமர்சனம் வந்தது. நான்கு வயதுப் பெண்ணொருத்தி என் மடியில் ஏறி, இரண்டு கையாலும் தாடியைப் பிடித்துப் பார்த்து, இதை யாரிடம் வாங்கினாய், எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். எல்லாப் பொருளும் எல்லாருக்கும் பொது, விளையாடினால் திருப்பி வைக்க வேண்டும் என்று நாங்கள்தானே அவளுக்குப் படிப்பித்தோம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் என்றேன். அவள் தலையாட்டி, அடுத்தது தனக்கு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் மென்பொருள் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் இருக்கிறார். லிப்டில் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“சீசன் முடிஞ்சிடுச்சே சார், இப்ப எந்த மலைக்கு மாலை போட்டிருக்கீங்க?”

நான் கத்தோலிக்கன் என்றேன். இரண்டு மாடி மட்டும் யோசித்தார். அப்படியானால் காதல் தோல்வியா என்று அடக்கமாகக் கேட்டார். கல்யாணம் கட்டிக் கனகாலம், மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் என்றேன். “அதனால என்ன சார்,” என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

கோயிலில் கதை வேறு. சாம்பல் புதன் வந்தபோது தாடி ஒரு விரற்கடை இருந்தது. தவக்காலத்துக்கு நேர்த்தி வைத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தார்கள் போலும். பூசை முடிந்து நிலவறையில் கோப்பி குடிக்கும்போது இரண்டொருவர் மரியாதையாக விலகியும் நின்றார்கள். பிறகு மனைவி ஏன் வரவில்லை என்று யாரோ கேட்க, பேர்கனில் வேலை என்றேன். போன மாதமும் வரவில்லையே என்றார்கள். ஓம், நூறு வீதம் என்றேன். எனக்கு அது ஆனந்தமான விடை. கேட்டவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து ஐஸ்கிறீம் டப்பாக்கள் வரத் தொடங்கின. உள்ளே ஐஸ்கிறீம் இல்லை. நண்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இடியப்பம். அண்ணை, தனிய இருக்கிறியள், சாப்பிடுங்கோ என்று கையைப் பிடித்துத் தருவார்கள். கண் கலங்கித் தந்தவர்களும் உண்டு. சமைக்கத் தெரியாதவன் மேல் இத்தனை இரக்கமா என்று எனக்கும் கண் கலங்கியது. நண்டின் காரமும் ஒரு காரணம்.

இதற்கிடையில் தொடரில் ஏதோ புரண்டுகொண்டிருந்தது. ஐந்தாம் பாகத்தில், விதவை ஜன்னலில் விளக்கை வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கள்ளன் மலைக்கு அப்பால் வேறொரு பள்ளத்தாக்கில், நிலவில், குதிரையில். அப்போது மனைவி தொலைபேசியில், உங்களுக்குப் பின்னாலே அது என்ன, இன்னும் கழற்றவில்லையா என்றாள். திரும்பிப் பார்த்தேன். மார்கழியில் நத்தாருக்குத் தொங்கவிட்ட கடதாசி நட்சத்திரம் என் ஜன்னலில் எரிந்துகொண்டிருந்தது. பனிக்கு அந்தப் பக்கம் வரை சிவப்பாக எறித்தது.  எனக்குள் ஏதோ ஒன்று எழும்பி நின்று தொப்பியைக் கழற்றியது. மலைக்கு அப்பால் குதிரையில் போனவள் அவள். விளக்கை ஏற்றிவிட்டு ஜன்னலில் நிற்பவன் நான். தாடி தவறான ஆளுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் வாசல் மணி அடித்தது. எங்கள் கோயில் பாட்டுக்குழுவின் தலைவரும் அவருடைய மனைவியும்; எனக்கு அண்ணை, அக்கா. அண்ணை யாழ்ப்பாணத்து நெடுந்தீவு; இங்கே பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அக்கா மன்னார்ப் பக்கம். நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவைக்கும்போதே அக்காவின் கண் சப்பாத்துத் தட்டில் ஓடியதைக் கண்டேன். பெண்களின் குளிர்காலச் சப்பாத்து ஒரு சோடிகூட அங்கே இல்லை. அக்கா பெருமூச்சு விட்டார்.

எங்கள் ஆட்களில் சமாதானம் பேச வருகிறவர்கள் சமாதானத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். முதலில் பனி பேசினோம். மெட்ரோவில் திருத்தவேலை பேசினோம். சுவாமியின் பிரசங்கம் இந்தமுறை நீளம் என்று ஒப்புக்கொண்டோம். தேத்தண்ணீர் போட நான் எழும்ப, அக்கா என்னை இருத்திவிட்டுத் தானே குசினிக்குள் போனார். அங்கே ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கரண்டி காயவைத்திருந்தது. அக்கா வந்து உட்கார்ந்தபோது அவருடைய குரல் வேறாகியிருந்தது.

“தம்பி, பிள்ளையள் வளந்து வெளிக்கிட்ட பிறகு வீடுகளிலை உது வாறதுதான். தாடி வளக்கிற அளவுக்கு மனசை விடக்கூடாது.”

எனக்கு ஐஸ்கிறீம் டப்பாக்கள் அத்தனையும் ஒரே கணத்தில் விளங்கின. நிலவறையில் விலகி நின்றவர்கள், கையைப் பிடித்தவர்கள், நண்டு, எல்லாம். அவசரமாக உண்மையைச் சொன்னேன்: மனைவி என்னை விட்டுப் போகவில்லை, வேலைக்குப் போனவள், இந்தத் தாடி தொலைக்காட்சியில் வருகிற ஆஸ்திரேலியக் கள்ளன் ஒருவனுடையது. சொல்லச் சொல்ல அது எனக்கே பொய்யாகக் கேட்டது. அண்ணை என் முழங்காலில் கை வைத்தார்.

“தம்பி, ரீவியைப் பாத்து ஆரும் தாடி வளப்பினமே. சொல்ல விருப்பமில்லை எண்டால் விடும்.”

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. ஞாயிறு பின்னேரம், கள்ளனுடைய நேரம். திரையில் மனைவி, தலையில் துவாய், கையில் மிக்சர்க் கிண்ணம். அண்ணையையும் அக்காவையும் கண்டதும் துவாயைச் சரிசெய்து வணக்கம் சொன்னாள். ஆட்கள் வந்திருக்கினமோ, அப்ப அவையளும் பாக்கட்டும், அழுத்துங்கோ என்றாள். தொலைபேசியைச் சீனிப் பேணியில் சாய்த்துவைத்து அழுத்தினேன்.

அப்படித்தான் ஆறாம் பாகத்தை நால்வராகப் பார்த்தோம். முதல் பத்து நிமிடம் மரியாதைக்குப் பார்த்தார்கள். கள்ளன் வந்ததும் அண்ணை அவனுடைய தாடியைப் பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார். பிறகு குதிரை ஓடியது. அண்ணை கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அவருடைய தீவில் ஆளில்லாக் குதிரைகள் அலைகின்றன. அந்நியர் ஆண்ட காலத்தில் விட்டுப்போனவற்றின் வாரிசுகள், கோடையில் தண்ணீர் தேடி வெட்டையெல்லாம் நடப்பவை. அண்ணைக்குக் கள்ளனும் பொலிசும் ஒன்றுதான், இருவரையும் அவர் மன்னிக்கவில்லை.

“காலமையிலை இருந்து ஓட்டுறான். அந்தச் சீவனுக்கு ஒரு வாய் தண்ணி காட்டினவனே?”

கள்ளன் ஆற்றைக் கடந்தான். குதிரை குனிந்தது, அவன் கடிவாளத்தை இழுத்தான். அண்ணை எழும்பியே நின்றுவிட்டார். தொலைபேசியிலிருந்து மனைவி, அதைத்தான் அண்ணை நானும் முதல் பாகத்திலை இருந்து சொல்லுறன் என்றாள். அக்கா கதை கேட்கவேயில்லை. ஆனால் பொலிஸ்காரன் விதவையின் வாசலில் நின்று கள்ளன் இங்கே வந்தானா என்று கேட்க, அவள் மாவு பிசைந்துகொண்டே இல்லை என்று சொன்னபோது, அக்கா மெல்லத் தலையாட்டினார். அப்பிடிச் சொல்லு என்று முணுமுணுத்தார். ஒரு மூச்சுப் பிந்திப் பேர்கனிலும் விதவை இல்லை என்றாள்.

பாகம் முடிந்து பெயர்கள் ஓடின. அண்ணை தான் எதற்கு வந்தவர் என்று நினைவு வந்தவராகத் தொண்டையைச் செருமினார். சீனிப் பேணிக்கு முன்னால் குனிந்தார்.

“பிள்ளை, நான் சுத்தி வளைக்காமல் கேக்கிறன். எப்ப வீட்டை வாறீர்?”

அவள் முதலில் அண்ணையைப் பார்த்தாள், பிறகு அக்காவின் முகத்தை, பிறகு என் தாடியை. தாதிகள் எதையும் வேகமாக வாசித்துவிடுவார்கள். சிரிக்கத்தான் தொடங்கினாள், மிக்சர்க் கிண்ணம் குலுங்கியது. பாதியில் அந்தச் சிரிப்பு நின்றது.

“அண்ணை, சண்டை ஒண்டும் இல்லை. இஞ்சை எனக்கு முழுநேர வேலையை நிரந்தரமாய்த் தந்திருக்கினம். இவரைக் கேட்டனான், வாறியளோ எண்டு. ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. தாடிக்கு நான் பொறுப்பு, பதிலுக்கு இவர்தான் பொறுப்பு.”

திரையில் இருந்தவளையும் சேர்த்து அறையில் நாலு பேர் இருந்தோம் என்றால் மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. என் மனைவிக்குச் சொல்லவென்று வீட்டிலிருந்து கோத்துக்கொண்டு வந்த புத்திமதி முழுவதையும் அக்கா அப்படியே திருப்பி எனக்கு ஊற்றினார். பொம்பிளைப் பிள்ளை ஒரு வேலை எடுத்து நிமிர்ந்தால் நீங்கள் உடனே யோசிக்கத் தொடங்குவியள், தாடியை உருவி உருவி யோசிப்பியள் என்றார். அண்ணை குறுக்கிடவில்லை. வெளிக்கிடும்போது மட்டும், சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு, முதலாம் பாகம் எங்கே தேடினால் வரும் என்று மெல்லக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு ஐஸ்கிறீம் டப்பா ஒன்றும் வரவில்லை. பழையவற்றைக் கழுவித் தரும்படி மட்டும் கேட்டார்கள்.

பெரிய வியாழன் மத்தியானம் அவள் வந்தாள். ஒஸ்லோ நிலையத்தில் எல்லாரும் பனிச்சறுக்குப் பலகைகளோடு மலைக்கு ஏற, அவள் ஒருத்தி மலையிலிருந்து இறங்கினாள். என் தாடியை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தாள். சரி, காடுதான், ஒத்துக்கொள்ளுகிறேன் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. பெரிய வெள்ளியன்று எங்கள் வீட்டில் தொலைக்காட்சி போடுவதில்லை. நாடு முழுக்க, வழக்கப்படி, அந்தக் கிழமை மலைக்குடில்களில் இருந்து கொலைக்கதை வாசிக்கும், பார்க்கும், எங்களுக்குச் சிலுவைப்பாதை. கோயிலில் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், என்னைப் பார்த்து அளந்தார்கள். சனிக்கிழமை ஆளில்லாத வெஸ்ட்லியைச் சுற்றி, உருகுகிற பனியில் கால் புதையக் காட்டுக்குள் நடந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் வாயிலிருந்து ஊசியிலை மரத்தைப் பற்றி ஏதோ வந்தது. அவள் ம் கொட்டினாள். செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உயிர்த்த ஞாயிறு, சாப்பிட்டு முடித்து, கடைசிப் பாகம். முதன்முறையாக ஒரே சோபாவில். குதிரை ஒரு தடவைதான் ஓடியது. ஏதோ ஒன்று குறைவது போலிருந்தது இருவருக்கும்.

கள்ளனுடைய முடிவு வீரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நடந்தது வேறு. விதவை ஒரு காலையில் சாமான்களை வண்டியில் ஏற்றினாள். கோழிகளை அடுத்த பண்ணைக்குக் கொடுத்தாள். ஜன்னல் விளக்கின் திரியைக் கிள்ளி அணைத்துவிட்டுத் துறைமுக நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள், ஒரு வார்த்தை இல்லாமல். கள்ளன் இரவில் வந்தான், இருண்ட ஜன்னலைப் பார்த்தான், அப்படியும் மரப்பொந்துக்குள் கையை விட்டான். அந்த மரத்தடியிலேயே பிடிபட்டான். தேசமெல்லாம் சுற்றியவன் என்று நாங்கள் இத்தனை ஞாயிறும் நினைத்தவன், உண்மையில் அந்த ஒரு மரத்தையே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

மனைவி தொலைக்காட்சியை நிற்பாட்டினாள். இருண்ட திரைக் கண்ணாடியில் நாங்கள் இருவரும் தெரிந்தோம்.

“எனக்குப் பயமாய்க் கிடக்கு,” என்றேன். “இன்னொருக்கால் ஓரிடத்திலை புதுசாய் வந்தவனாய் நிக்கிறதுக்கு.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் இருந்த எனக்கே பதில் சொன்னாள்.

“நானும் முதல் கிழமை சுப்பர்மார்க்கெட்டிலை பால் எங்கை இருக்கெண்டு தெரியாமல் நிண்டு அழுதனான். உங்களுக்குச் சொல்லேல்லை.”

“பிறகு?”

“பிறகென்ன. பால் வாங்கினனான்.”

 மேல்மாடித் தம்பி எதையோ இழுத்து நகர்த்தினார்.

“நான் வரேல்லை எண்டால் நீர் இஞ்சை திரும்பி வருவீரோ?”

“வருவன். அறுபது வீதம் வேலை செய்வன். மிச்சம் நாப்பது வீதமும் உங்களோடை கோவமாய் இருப்பன்.” அதை அவள் கோபமில்லாமல் சொன்னாள். பகிடியாகவும் சொல்லவில்லை.

பேர்கனிலும் பிள்ளைகள் இருக்கின்றன, பாலர் பாடசாலைகள் இருக்கின்றன, என்னைப் போல மடி கொடுக்கிறவர்களுக்கு எங்கேயும் வேலை உண்டு. இதெல்லாம் எனக்கு மாசி மாதமே தெரியும். தெரிந்ததை எப்படிச் சொல்வது என்றுதான் இவ்வளவு நாளும் அலைந்தேன்.

“வாறன்,” என்றேன்.

அவள் காத்திருந்தாள். இன்னும் ஏதோ வரும் என்று நினைத்தாள்.

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

“உவமை ஒண்டும் இல்லையோ?”

இல்லை என்றேன். அவள் என் நெற்றியில் புறங்கையை வைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு எழும்பிக் குசினிக்குள் போய், வேண்டாத சத்தத்தோடு பாத்திரம் கழுவினாள். நான் போய்த் துடைத்தேன். இரண்டு தட்டு, இரண்டு கோப்பை.

திங்கட்கிழமை காலை ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டேன். தாடியை எடுத்துவிட்டுத்தான் பேர்கனுக்கு வருவேன் என்றதற்கு, எடுத்தாலும் கதைப்பார்கள், எடுக்காவிட்டாலும் கதைப்பார்கள், அங்கேயும் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள். பள்ளிக்கூட விடுமுறைக்கு முன் என் வேலையிடத்தில் சொல்ல வேண்டும், வீட்டை யாருக்குக் கொடுப்பது, புத்தகங்களை என்ன செய்வது என்று மேடை நீளத்துக்கும் பேசிக்கொண்டு நடந்தோம். அவளுடைய பெட்டி அவள் கொண்டுவந்ததை விடப் பாரமாக இருந்தது. முதல்நாள் பின்னேரம் அக்கா வந்து கறி கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். போட்டு வாறன் என்றாள். போட்டு வாரும் என்றேன். நடத்துநர் விசில் ஊத, கதவு மூட வந்த கணத்தில், முக்கியமான ஒன்றை மறந்துவிட்டவள் போல அவள் தலையை வெளியே நீட்டினாள்.

“குடை ஒண்டும் வாங்கிக்கொண்டு வராதேங்கோ. அங்கத்தைக் காத்துக்கு நிக்காது. நல்ல மழைக்கோட்டாய் வாங்குங்கோ, தொப்பி வைச்சது.”